செட்டிநாட்டு இலையில் காய்கறியின் அளவு: இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஏற்றபடி அடுப்படியை மாற்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோழியும் மிளகும்தான் நினைவுக்கு வருகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வளர்ந்தவர்களுக்கோ கத்தரிக்காய்க் கோசமல்லியும் வெண்டைக்காய் மண்டியும் வாழைப்பூத் துவட்டலும் கீரை மசியலும் பலாக்காய்ப் பிரட்டலுமாகக் காய்கறியின் வரிசையே நீளமானது. ஆகவே, இதயத்தைக் காத்துக்கொள்ளக் காய்கறி சாப்பிடுங்கள் என்று இங்கே ஒருவரிடம் சொன்னால், "தினமும் சாப்பிடுவதுதானே" என்ற பதில் வருவதில் வியப்பில்லை. காய் தினமும் இலையில் விழுகிறது என்பது மெய்தான். ஆனால் அது சோற்றுக்குத் துணையாக, வெஞ்சனம் என்ற பெயரில், ஒரு கரண்டிக்குள் அடங்கி, எண்ணெயில் சுருண்டு, உப்பேறி வந்து விழுகிறது. மாற்ற வேண்டியவை இலையில் விழும் அளவும் வாணலியில் ஊற்றும் எண்ணெயும் உப்பு டப்பாவுமே. சமையலின் சுவையையோ பெயரையோ தொட வேண்டியதில்லை. அதை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், காய்கறி உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தக் காயை எப்படிச் சமைப்பது என்ற முடிவுகள் எளிதாகும்.

இரத்தக் குழாய்க்குள் நடப்பது

முதலாவது பொட்டாசியம். நாம் உண்ணும் உப்பிலுள்ள சோடியம் உடலில் தங்கும்போது அதனுடன் நீரும் தங்கி, குழாய்களுக்குள் ஓடும் இரத்தத்தின் அளவும் அழுத்தமும் கூடுகின்றன. கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, தக்காளி போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் அந்தச் சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவதோடு, குழாய்ச் சுவரின் தசைகளையும் தளரச் செய்கிறது. ஒரு நாளுக்கு 3,510 மில்லிகிராம் பொட்டாசியமாவது வேண்டும் என்பதும், உப்பு 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதற்குத் தலைகீழாகத்தான்.

இரண்டாவது, கீரையிலும் பீட்ரூட்டிலும் முள்ளங்கியிலும் இயற்கையாகவே இருக்கும் நைட்ரேட். மென்று விழுங்கிய நைட்ரேட்டில் ஒரு பகுதி உமிழ்நீரில் திரும்பி வர, நாக்கின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாகி, குழாய்களை விரியச் செய்கிறது. இரத்த ஓட்டத்தில் இந்த வாயு செய்தி சொல்லும் பொருளாகச் செயல்படுவதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கிருமிநாசினி கலந்த வாய்க்கொப்பளிப்பு நீரை நாள்தோறும் பயன்படுத்தினால் நாக்கிலுள்ள அந்த நுண்ணுயிர்கள் குறைந்து, கீரை தரும் இந்தப் பயனும் குறையும் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

மூன்றாவது நார்ச்சத்து. கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலத்தைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. வழக்கமாக அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். வெண்டைக்காயின் வழவழப்பு போன்ற கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி அந்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்துடன் வெளியேற்ற, கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்வதற்காக இரத்தத்திலிருக்கும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையும் இதே வேலையைச் செய்வதுதான். நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்தினால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 சதவீதம் குறையலாம். மாத்திரையின் வேகம் இதற்கு இல்லை. ஆனால் மாத்திரை சாப்பிடுபவருக்கும் இது கூடுதல் பலன்.

இதற்குச் சான்று என்ன என்று கேட்பவர்களுக்கு: 1997-இல் அமெரிக்காவில் 459 பேரைக் கொண்டு நடந்த 'டாஷ்' ஆய்வில், வழக்கமான உணவுடன் காய்கனியை மட்டும் கூட்டிக் கொடுத்த எட்டு வாரங்களில் மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) 2.8 புள்ளி குறைந்தது. கொழுப்பு குறைந்த பாலும் சேர்த்து, நிறைவுற்ற கொழுப்பையும் குறைத்துக் கொடுத்தபோது 5.5 புள்ளியும், ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 11.4 புள்ளியும் குறைந்தது. உலகெங்கும் நடந்த 95 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாள்தோறும் கூடுதலாக உண்ணும் ஒவ்வொரு 200 கிராம் காய்கனிக்கும் மாரடைப்பு உள்ளிட்ட இதயத் தமனி நோய் 8 சதவீதமும் பக்கவாதம் 16 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டன. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வோ நமக்கு இன்னும் நெருக்கமானது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதையொட்டியும், மற்ற நாட்டவர்க்கு 59 வயதையொட்டியும் வந்திருக்கிறது, அன்றாடம் காய்கனி உண்பவர்களின் பங்கும் நம்மிடையே குறைவாகவே இருந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. காய்கறி மிகுதியாக உண்பவர்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை, நடக்கிறார்கள், வசதியும் உள்ளவர்கள். பிரிட்டனில் ஏறக்குறைய 4 லட்சம் பேரை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு, இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது காய்கறியின் பங்காகத் தோன்றியதில் பெரும்பகுதி கரைந்துபோனதாகக் காட்டியது. அதனால் காய்கறியை மந்திரமாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இரத்த அழுத்தத்தில் அது செய்யும் வேலை 'டாஷ்' போன்ற நேரடிச் சோதனையில் கண்டது, அதை ஒதுக்க முடியாது. அதே சமயம், காய்கறியிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்கினால் அதே பலன் கிடைக்கும் என்ற எண்ணமும் தோற்றுப்போனது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட புகைப்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994-லும் 1996-லும் வெளியான இரு பெரிய சோதனைகள் காட்டின.

முதல் படி: மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள்

காய்கறியைக் கூட்டுவது எல்லோருக்கும் ஒரேமாதிரியாகப் பொருந்தாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும். அழுத்தத்துக்கென டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்றவற்றையோ, ஸ்பைரோனோலாக்டோனையோ சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏற வாய்ப்புண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்த மாத்திரைகளுடன் காய்கறி உண்பதில் பொதுவாகத் தடையில்லை. ஆனால் வாழைத்தண்டுச் சாறு, இளநீர், கீரைச் சாறு என்று செறிவாகக் குடிக்கத் தொடங்குவதற்கு முன், சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் சோதித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

இதய வால்வு மாற்றியவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுபவர்களும் கீரையைப் பற்றித் தனியாகக் கவனிக்க வேண்டும். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலைக்கு எதிரானது. இதைக் கேட்டவுடன் கீரையை அடியோடு நிறுத்திவிடுவதும் தவறு. ஒரு வாரம் முழுதும் கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்று ஊசலாடுவதுதான் ஆபத்து. வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவு உண்டு, அளவை மாற்றும்போது மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

அதே நாளில் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆன பின், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுப்பதே சரியான முறை. அழுத்தமானி வாங்க வசதியில்லாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களையோ நாடலாம்.

இரண்டாம் படி: ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் கூறுவது நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குக் காய்கறி மட்டும் 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி முதலிய தானியம் 250 கிராம் என்கிறது. நால்வர் குடும்பத்துக்கு நாளுக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் காய் வேண்டும். தோலும் காம்பும் தண்டும் கழிந்த பிறகு நிற்கும் எடை இது.

சந்தையிலிருந்து வந்த பையைத் தூக்கிப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. அரிவாள்மனையில் நறுக்கி முடித்த காயை, சமைப்பதற்கு முன், ஒரு சிறிய தராசில் ஏழு நாள் வைத்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் இப்படி எழுதியபோது, நாளும் மூன்று வெஞ்சனம் வைக்கிறோம் என்ற பெருமை இரண்டாம் நாளே அடங்கிவிட்டது. பாதி அளவுகூடத் தேறவில்லை. இன்னொரு அடியும் காத்திருந்தது. உருளை, சேம்பு, சேனை, கருணை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகிய மாவுக் கிழங்குகள் இந்த 400 கிராமில் சேரா. அவை சோற்றின் கணக்கு. உருளைக்கிழங்கு வறுவலையும் சேப்பங்கிழங்கு வறுவலையும் கழித்தால் பல வீடுகளின் கணக்கு பள்ளத்தில் நிற்கும்.

மூன்றாம் படி: காலைப் பலகாரத்தில் தொடங்குங்கள்

மதியச் சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் வீட்டில் எல்லோரும் எதிர்ப்பார்கள். காலையை மாற்றினால் எவரும் கவனிப்பதில்லை. இட்லிக்கும் இடியப்பத்துக்கும் தேங்காய்ச் சட்னி மட்டும் வைத்தால் அன்றைய காலையில் காய்கறி ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதற்கு மாற்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. கத்தரிக்காய்க் கோசமல்லியில் காயை வேகவைத்து மசித்துப் புளி, பச்சை மிளகாய், வெங்காயம் சேர்ப்பதால், தாளிக்கும் எண்ணெய் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி போதும். நால்வருக்கு முக்கால் கிலோ கத்தரிக்காய் போட்டு இதைச் செய்தால், நாளின் அளவில் கால் பங்குக்கு மேல் காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் இதையும், மற்ற நாட்களில் தக்காளி, பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ, முள்ளங்கி ஆகியவற்றின் துவையலையும் மாற்றி மாற்றி வைக்கலாம்.

நான்காம் படி: மதிய இலையில் வரிசையை மாற்றுங்கள்

சோறு முதலில் குவிந்து, காய் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். இலையிலோ தட்டிலோ முதலில் ஒரு கீரை அல்லது கூட்டு, ஒரு துவட்டல், வெள்ளரி அல்லது வெங்காயப் பச்சடி ஆகிய மூன்றையும் இட்டு, அவை பாதித் தட்டை நிரப்பிய பிறகே சோறு. பரிமாறும் கரண்டிகளை மாற்றிக்கொள்வது நான் கண்ட எளிய உத்தி: சோற்றுக்குச் சிறு கரண்டி, காய்க்குக் குழிந்த பெரிய கரண்டி. "ஆச்சி, இதென்ன மாட்டுக்குப் போடுகிற மாதிரி" என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எந்தக் காய் என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது கீரை வர வேண்டும். முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, அகத்தி எதுவும் ஆகலாம். கரையும் நாருக்கு வெண்டையும் கொத்தவரையும் அவரையும் கத்தரியும். பொட்டாசியத்துக்கு வாழையின் தண்டும் பூவும். மீதி நாட்களைச் சுரை, புடல், பீர்க்கு, பாகல், முள்ளங்கி, பீட்ரூட், கேரட் என எது மலிவோ அதைக் கொண்டு நிரப்புங்கள்.

ஐந்தாம் படி: வாணலியும் உப்பும்

இந்தப் படியைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்தால் பயன் பெரும்பாலும் வீணாகும், ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் போதும் என்கிறது. அதாவது ஏறத்தாழ 30 மில்லி. நால்வருக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் அதற்குள் அடக்கம். பிரட்டலில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் பக்குவம் என்பது நம் பக்கத்துக் கணக்கு. அந்தப் பக்குவம் மசாலாவுக்கு வேண்டுமானால் உண்மையாகலாம், காய்க்கு அது தேவையில்லை. மசாலாவைச் சிறிதளவு எண்ணெயில் வதக்கி, தீயைக் குறைத்து, அவ்வப்போது ஒரு கை நீர் தெளித்தால் அதே மணம் வரும். காயை வேறாக மூடிபோட்டு அதன் நீரிலேயே வேகவைத்துக் கடைசியில் சேர்த்துப் பிரட்டலாம். எண்ணெயே கூடாது என்ற மறுகோடியும் சரியன்று, ஏனெனில் கேரட், கீரை, தக்காளி ஆகியவற்றின் நிறமிச் சத்துகள் சிறிது கொழுப்புடன் சேர்ந்தால்தான் உடலில் ஏறும்.

வெண்டைக்காய் மண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நால்வருக்கு அரைக் கிலோ வெண்டைக்காய், இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, சிறிய நெல்லிக்காயளவு புளி, மண்டி எனப்படும், அரிசி களைந்த இரண்டாம் நீர் இரண்டு டம்ளர். வழவழப்புப் போக வேண்டும் என்று வெண்டைக்காயை நிறைய எண்ணெயில் நெடுநேரம் வதக்குவது வழக்கம். ஆனால் அந்த வழவழப்புதான் நாம் தேடும் நார், அதைப் புளியின் புளிப்பே அடக்கிவிடும். நான்கு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, காயை இரண்டு நிமிடம் மட்டும் பிரட்டிவிட்டு, புளி கரைத்த மண்டியை ஊற்றி மூடிவிடுங்கள். வழக்கமாகப் போடும் உப்பில் கால் பங்கைக் குறைத்துப் போட்டு, இறக்கும்போது சுவை பாருங்கள். புளிப்பும் காரமும் இருக்கும் பண்டத்தில் அந்தக் குறை தெரிவதில்லை.

கீரையையும் வாழைத்தண்டையும் நிறைய நீரில் கொதிக்கவைத்து வடித்துக் கொட்டினால், பொட்டாசியமும் நைட்ரேட்டும் அந்த நீரோடு போய்விடும். சிறிது நீர், மூடிய பாத்திரம், குறைந்த நேரம் என்பதே முறை. சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் இதற்கு நேர்மாறாக, தோல் சீவி, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதை உணவியலாளர்கள் கற்றுத்தருவார்கள்.

உப்புக்கு வீட்டளவில் ஒரு கணக்கு உண்டு. நால்வருக்கு நாளுக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாளாவது வர வேண்டும். பொட்டலத்தின் மேல் பிரித்த தேதியை எழுதி வைத்துப் பாருங்கள். ஊறுகாயும் அப்பளமும் வெளியில் வாங்கும் காரவகையும் இதற்கு மேல் சேருகின்றன என்பதால், 50 நாள் வந்தாலும் கணக்கு நிறைவேறியதாகப் பொருளில்லை.

ஆறாம் படி: வத்தலைப் பற்றி

மழையை நம்பி ஊருணியும் கண்மாயும் கொண்டு வாழ்ந்த வறண்ட பூமியில், காய் மலிந்த காலத்தில் உலர்த்தி வைப்பது அறிவான ஏற்பாடு. சுண்டையும் மணத்தக்காளியும் கொத்தவரையும் கத்தரியும் வத்தலாக இருக்கும்போதும் நார்ச்சத்து அதில் இருக்கத்தான் செய்கிறது. சிக்கல் உப்பு மோரில் ஊறியதிலும், பிறகு எண்ணெயில் பொரிவதிலும்தான். பங்குனி, சித்திரை வெயிலில் வீட்டில் போடும்போது கொத்தவரையையும் கத்தரியையும் இலேசாக அவித்து, உப்பை மிகக் குறைத்தோ உப்பில்லாமலோ மொறுமொறுப்பாகும்வரை காயவைக்கலாம். கடையில் வாங்கியதை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டுக் குழம்பில் போட்டால் உப்பில் ஒரு பகுதி போய்விடும். மோர்மிளகாயை அழுத்தம் உள்ளவர்கள் மறந்துவிடுவது நல்லது. அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க எந்த வழியும் இல்லை.

ஏழாம் படி: விருந்து நாட்கள்

படைப்பு (முன்னோர் வழிபாடு), சாந்தி (அறுபதாம் கல்யாணம்), கல்யாணம் என்று இலை நிறைந்த நாட்களில் கணக்குப் பார்க்க வேண்டாம். கூட்டையும் பச்சடியையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி, வறுவலை ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டாலே போதும்.

எட்டாம் படி: மூன்று மாதம் கழித்து

'டாஷ்' ஆய்வில் அழுத்தம் இரண்டு வாரத்துக்குள்ளாகவே இறங்கத் தொடங்கியது, எல்.டி.எல். மாறுவதைக் காண ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே அழுத்தத்தை வாரம் இருமுறை, ஒரே நேரத்தில், முன்பு சொன்ன முறையில் எடுத்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மூன்று மாத முடிவில் கொலஸ்டிரால், சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றைச் சோதியுங்கள். எண் நன்றாக இறங்கியிருந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. குறைப்பதா வேண்டாமா என்று அந்த நோட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சிய சாறு அடைப்பைக் கரைக்கும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளுக்கு இந்த நோட்டில் இடமில்லை. ஏற்கெனவே குழாயில் படிந்து இறுகிய அடைப்பை எந்தக் காயின் சாறும் கரைப்பதில்லை. மார்பில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, காரணமற்ற வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்தால், வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

நோட்டில் அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தியைப் போட்டு, அன்று நறுக்கிய காயின் எடையையும் எழுதுங்கள். ஒரு நாளின் எடை 1.6 கிலோவைத் தொடாத வாரங்களையும் அழுத்தம் ஏறிய வாரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அடுத்த மாதம் சந்தையில் எதைக் கூட்டி வாங்குவது, கடையில் எந்தப் பொட்டலத்தைக் குறைத்து வாங்குவது என்பதை அந்தப் பக்கத்திலிருந்தே முடிவு செய்யலாம்.